செக்ரோலில் ஏறாத பதினோரு வருடம்

என் வலது மணிக்கட்டு உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில். ஆஸ்பத்திரிப் பதிவில் அது எங்கள் வீட்டுக் குளியலறையில் உடைந்ததாக இருந்தது. அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான். சொல்லிக் கொடுத்தார்கள், நானும் சொன்னேன். அதைத் திருத்த நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஜெராமில் பிறந்தவள். அப்பா மீன் லோரி ஓட்டினார். ஐந்தாம் படிவம் வரை படித்தேன். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்தபோது பழம் வெட்டும் வேலை எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. என் புருஷன் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் உச்சியில் இருக்கும் பழக்குலையை வெட்டித் தள்ளுவார். குலை விழுகிற வேகத்தில் பழம் நாலாபுறமும் சிதறும். அந்த உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்ட வேண்டும். வெட்டிய மட்டையை இழுத்து அடுக்க வேண்டும். குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி ரோட்டோரம் சேர்க்க வேண்டும். வெட்டுகிறவரே இதையெல்லாம் செய்தால் ஒரு நாளில் கொடுத்த இடத்தில் பாதிகூட முடியாது. அதனால் பெண்சாதி கூடப் போவது வழக்கம். முதல் வாரம் நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். இரண்டாவது வாரம் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு பதினோரு வருடம் குனிந்த தலை நிமிரவில்லை.

நான் செய்ததற்குத் தோட்டத்தில் வேலை என்று பெயர் கிடையாது. ஒத்தாசை என்பார்கள். செக்ரோல் என்பது ஆட்களின் பெயரையும் வருகையையும் பதிகிற ஏடு. அதில் என் புருஷன் பெயர் மட்டும் இருந்தது. ஏடு கம்ப்யூட்டருக்குள் போன பிறகும் அவர் பெயர் மட்டும்தான் போனது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே உலை, யார் பெயரில் இருந்தால் என்ன என்று மற்றப் பெண்களுக்கு நானே நியாயம் பேசியிருக்கிறேன். என் புத்தியை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை எங்கள் பக்கம் பெரட்டு என்போம். ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். என்னைப் போல ஒத்தாசைக்கு வருகிற இன்னும் மூன்று பெண்களும் நானும் மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியரைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற மண்டோர் எங்களையும் எண்ணிக்கொண்டுதான் யார் எந்தப் பக்கம் என்று சொல்வார். ஆனால் எங்கள் பெயரைக் கூப்பிட மாட்டார். தொப்பி, கையுறை, பூட்ஸ் எல்லாம் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். நான் என் புருஷனின் பழைய பூட்ஸில் துணியைத் திணித்துப் போட்டுக்கொள்வேன்.

மண்டோர் கெட்ட மனிதர் இல்லை. என் மகள் பிறக்க வலி எடுத்தபோது அவருடைய காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவை வெளியிலிருந்து சோதனைக்கு ஆட்கள் வருவார்கள். தோட்டம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள். முதல் நாளே ஆண்களின் வாட்சாப் குழுவில் மண்டோரின் குரல் வந்துவிடும். பெண்கள் நாளைக்கு வர வேண்டாம் என்பார். எங்களுக்குத் தலைகால் புரியாது. துணி துவைத்து, தலைக்குக் குளித்து, டிவி முன்னால் காலை நீட்டி உட்காருவோம். எங்களுக்கு லீவு விட்டிருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ஒளித்து வைக்கிறார்கள் என்பது நான்கு பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் புருஷன் வழக்கம்போல "வருது!" என்று கத்திவிட்டுத்தான் வெட்டினார். நானும் விலகித்தான் நின்றேன். குலை பக்கத்து மரத்தில் பட்டுத் திசை மாறி வந்தது. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினேன். சத்தம்தான் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. அவர் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து, என் கையைப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் மண்டோருக்குப் போன் பண்ணுங்க என்று சொன்னேன்.

மண்டோர் காரில் போகும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, ஆஸ்பத்திரில கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருமா. தோட்டம்னு சொன்னா ஒன் வூட்டுக்காரனுக்குத்தான் பிரச்சனலா. பேரு இல்லாத ஆள ஏன் உள்ள கூட்டிட்டு வந்தேன்னு கேட்பாங்க. அப்புறம் வீடும் போயிரும்."

என் புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் குடியிருப்பது தோட்டத்து வீடு. வேலை இருக்கிறவரைதான் வீடு. நான் தலையை ஆட்டினேன்.

கட்டுப் போட வந்த டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். என் நகத்துக்குள் இருந்த பழச்சாற்றையும் முழங்கை வரை இருந்த முள் கீறலையும் பார்த்தார். நான் குளியலறைக் கதையைச் சொன்னேன்.

"அக்கா, ஒங்க பாத்ரூம்ல செம்பனை மரம் இருக்கா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் நான் குளியலறை என்றே சொன்னேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினார்கள்.

தகடு வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஒரு குவளையைத் தூக்கினால் கை நடுங்கும். மகளுக்குத் தலை பின்ன முடியாது. கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். அவள் கை இயந்திரத்தில் மாட்டியிருந்தது. எனக்கு நேர்ந்ததை அவளிடம் மட்டும் உள்ளபடி சொன்னேன்.

"அப்பன்னா வேலைல அடிபட்டதுதானே அக்கா? ஏன் தொழிலாளர் காப்புறுதிக்கு எழுதல? எனக்கு எல்லாமே அதுலதான் பார்க்குறாங்க. வேலைக்குப் போக முடியாத நாளுக்கும் குடுக்குறாங்கலா."

"எனக்குப் பேரு இல்ல."

"பேரு போடாதது அவங்க தப்பு. நீங்க ஏன் ஒளியறீங்க?"

அவளுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. பதினோரு வருடமாகப் பெரிய நியாயக்காரி மாதிரி பேசிய என் மேல்தான்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. லேபர் ஆபீசுக்குப் போகிறேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"வேணாம்மா. இந்த வீட்ட விட்டா நமக்குப் போக எடம் இல்ல. புள்ள படிக்குது. கை கொஞ்ச நாள்ல சரியாயிரும்."

"சரியாகாதுங்க. டாக்டரே சொல்லிட்டாங்க. இது எங்க ஒடைஞ்சதுன்னு ஒரு எடத்துலயாவது உண்மையா எழுதணும். எனக்கு அது வேணும்."

பிடித்த பிடியில் நின்றேன். மறுநாள் பஸ் ஏறித் தனியாகப் போனேன். அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். பெயர் பதியாமல் விட்டிருந்தாலும் வேலை செய்தது உண்மையென்றால் காப்புறுதி கேட்க வழி இருக்கிறது என்றார். ஆனால் வேலை செய்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். செக்ரோலில் பெயர்? இல்லை. சம்பளச் சீட்டு? இல்லை. ஆஸ்பத்திரித் தாள்? அதில் குளியலறை. சாட்சி யாராவது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மற்ற மூன்று பெண்களிடமும் கேட்டேன். ஒருத்தி மாமியாரைக் கேட்க வேண்டும் என்றாள். ஒருத்தி அழுதாள். மூன்றாமவள் என்னைக் கண்டதும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்களுக்கும் தோட்டத்து வீடுதான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் திட்டுவதற்கு வாய் வரவில்லை. என் கை உடையாமல் இருந்திருந்தால் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அதிகாரி விசாரிக்கத் தோட்டத்துக்கே வந்தார். என்னையும் என் புருஷனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் என் புருஷன் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போனையே நோண்டிக்கொண்டிருந்தார். நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு வீடியோ கேட்கிறதா என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

ஆபீசில் மானேஜர், மண்டோர், அதிகாரி, நாங்கள் இருவர். பேச்செல்லாம் மலாயில். மானேஜர் செக்ரோலை அச்செடுத்து வைத்திருந்தார். என் பெயர் இல்லை என்பதை விரலால் காட்டினார். இவர் இங்கே என்ன செய்தார் என்று அதிகாரி மண்டோரிடம் கேட்டார்.

"வூட்டுக்காரருக்குத் தேத்தண்ணி கொண்டாருவாங்க, அவ்ளோதான்," என்றார் மண்டோர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோரு வருடம் ஒரு பிளாஸ்க்கோடு நடந்தேனாம்.

அதிகாரி என் புருஷன் பக்கம் திரும்பினார். உங்கள் மனைவி இங்கே வேலை செய்தாரா? அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, பாத்ரூம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசை மேல் வைத்தார். இரண்டு தடவை தவறான இடத்தில் தொட்டு, மூன்றாவது தடவைதான் சரியாகத் தொட்டார்.

மண்டோரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நாளைக்குச் சோதனைக்கு ஆளுங்க வராங்கலா. பொம்பளைங்க யாரும் வேலைக்கு வர வேணாம்னு சொல்லிருங்க. வியாழக்கிழம வந்தா போதும்."

அதை நிறுத்தி இன்னொன்றைப் போட்டார். பிறகு இன்னொன்று. நான்கு வருடத்துக் குரல்கள். எதையும் அழிக்காமல் வைத்திருந்த மனிதர், பின்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்திருக்கிறார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். வேலைக்கு வர வேண்டாம் என்பதை மலாயில் சொல்லும்போது என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. அதிகாரி மண்டோரைப் பார்த்து, இது சரியா என்றார்.

மண்டோர் மேசை மேல் இருந்த போனைப் பார்த்தார். "என் கொரல்தான். அவங்க சொன்னது சரிதான்," என்றார்.

அப்போதுதான் என் புருஷன் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த மலாயில், "நான் வெட்டுவேன், இவள் பொறுக்குவாள். பதினோரு வருடம். அன்றைக்கு வெட்டியதும் நான்தான்," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்த நாள் வேறொன்று இல்லை.

வீட்டை யாரும் பிடுங்கவில்லை. சட்டம் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு யாருக்கும் அந்தத் தைரியம் இல்லை. அடுத்த மாதமே மற்ற மூன்று பெண்களின் பெயரும் செக்ரோலில் ஏறியது. அவரவர் காலளவுக்குப் பூட்ஸ் வந்தது. வாளியோடு உள்ளே போனவள் புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். சண்டை போடத் தோன்றவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன். மண்டோர் இப்போது என்னைத் தங்கச்சி என்பதில்லை, வாங்க போங்க என்கிறார். அது எனக்கு வருத்தம்தான். என் பெயரை அவர்கள் ஏற்றவில்லை. ஏற்ற முடியாது, இந்தக் கையால் ஒரு சாக்கைக்கூடத் தூக்க முடியாதே.

விசாரணை அறிக்கையை வைத்து ஆஸ்பத்திரியில் பதிவைத் திருத்தினார்கள். டாக்டர்கள் கூடி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பல மாதம் கழித்துக் காப்புறுதி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. காயம் வேலையில் ஏற்பட்டது என்று இருந்தது. தோட்டத்தின் பெயருக்குக் கீழே என் முழுப் பெயர், அதன் பக்கத்தில் தோட்டத் தொழிலாளி. வாசலில் நின்றே அந்த வரியை என் புருஷனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அடுத்த வரியை மனதுக்குள் படித்துக்கொண்டேன். நான் அங்கே வேலை செய்தேன் என்று சொல்ல என்னிடம் இருக்கிற ஒரே தாள், இனி அந்த வேலையை என்னால் செய்யவே முடியாது என்று சொல்கிற தாள்தான்.