தென்னை இல்லாத தெரு

அறங்களின் வரிசையில் சீற்றத்துக்கு இடம் தருவோர் சிலரே. பொறுமைக்கும் ஈகைக்கும் மாலை சூட்டுவோர், சீற்றம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வர். ஆயினும், எரிக்க வேண்டியதை மட்டும் எரித்து, மற்றதைத் தீண்டாமல் நிற்கும் சீற்றம் ஒன்று உண்டு. மேல்மலையனூரில் அங்காளம்மையின் விழிகளில் இருப்பது அதுவே. மனிதரிடத்தில் அதைக் காண விரும்புவோர் செஞ்சியில் கலைமதியைக் காணலாம்.

வீடு வீடாகச் சென்று மின்சார மீட்டர் பார்த்துக் கணக்கெடுப்பது அவள் உத்தியோகம். ஞாயிறுதோறும் நிலக்காட்சிகளை எண்ணெய்ச் சாயத்தில் தீட்டுவது அவள் விருப்பம். கைபேசியில் பார்த்தும் கான்வாஸ் துணிகளைக் கெடுத்தும் தானே பழகிக்கொண்ட கலை. தேறிய படங்களைக் கோட்டையின் அடிவாரத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தின் ஓரச் சுவரில் சாய்த்து வைத்து விற்பாள். விற்கும்போது அவளிடம் இன்சொல்லை எதிர்பார்க்கலாகாது.

"மலை ஒரே மொட்டையா இருக்குதே, கொஞ்சம் பச்சை சேர்த்திருக்கலாமே?" என்று ஒருவர் கேட்டால், "பாறைக்குப் பச்சை அடிச்சா பாசி புடிச்சிருக்குதுன்னு சொல்லுவாங்க சார்" என்பாள்.

அவள் பிறந்த சிற்றூர் செஞ்சிக்கு அருகில் உள்ளது. அவ்வூர்ப் பாறையின் உச்சியிலிருந்து பார்த்தபடியே ஒரு பெரிய படத்தைச் சென்ற ஆண்டு தீட்டி முடித்தாள். ஏரி, கோபுரம், கழனிகள், அவற்றுக்குக் கிழக்கே அவள் பிறந்த காலனித் தெரு. தகரக் கூரைகள், நீலநிறத் தண்ணீர்த் தொட்டி, வேலியில் உலரும் அவள் தாய் விருத்தாம்பாளின் சிவப்புச் சேலை. அந்தச் சேலைக்குரிய சிவப்பைக் குழைத்துக் குழைத்து, மூன்று முறை சுரண்டி எறிந்து, நான்காம் முறையே மனம் நிறைந்தாள்.

அதே ஊரைச் சேர்ந்தவர் விநாயகம். தோப்பும் கழனியும் உடையவர். செஞ்சியில் கல்யாண மண்டபம் கட்டியவர். படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"எங்க ஊரு அப்டியே இருக்குதும்மா. ஏரிக்கரை மேல நடந்து போவலாம் போல இருக்குது. இன்னா ஒண்ணு, இந்தக் கிழக்குக் கோடியில மட்டும் நாலு தென்னமரம் வெச்சுக் குடு."

"அங்க தென்னை இல்லையே சார்."

"படத்துல இருந்தா இன்னா கெட்டுப் போவுது? மண்டபத்துல நாலு பேரு வந்து பாக்கறது. பார்வைக்கு நல்லா இருக்கணுமில்ல?"

"பார்வைக்கு இருக்கறதத்தான் போட்டிருக்கேன். மாத்தற மாதிரின்னா படம் விக்கறதில்ல சார்."

அவர் சிரித்தார். "சரிம்மா, உன் இஷ்டம். இருக்கறபடியே குடு" என்று சொல்லி எடுத்துச் சென்றார். அச்சொல்லை அவள் நம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து, முகூர்த்த நாளொன்றின் காலையில், அந்த மண்டபத்தின் மீட்டரைப் பார்க்க அவளே செல்ல நேர்ந்தது. நாகஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. நடையிலிருந்த மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்பினாள். சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசைக்கு மேலே அவள் படம் தொங்கியது. ஏரி இருந்தது, கோபுரம் இருந்தது. காலனி இருந்த இடத்தில் தென்னந்தோப்பு ஒன்று செழித்து நின்றது. கூரை இல்லை, தொட்டி இல்லை, சேலை இல்லை. மூலையில் அவள் கையெழுத்து மட்டும், அந்தத் தோப்புக்குச் சாட்சி சொல்வது போல, இருந்தபடியே இருந்தது.

எட்டிக் கட்டைவிரலால் தென்னை ஒன்றை அழுத்தினாள். பச்சை விரலில் ஒட்டியது. கதவுக்கு அடிக்கும் பெயின்ட், பூசி ஓரிரு நாளே ஆகியிருக்கும். தன்னுடைய சாயமோ ஆண்டொன்று உலர்ந்து இறுகியது. எது கரையும், எது கரையாது என்பது அவளுக்குத் தெரியும்.

வண்டியை நேரே வீட்டுக்கு விட்டாள். கணவன் ஆதவன் இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"டர்பன்டைன் பாட்டில் எங்க வெச்ச?"

"ஜன்னல்ல இருக்குது. யாரு மேல ஊத்தப் போற?"

விரலைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். "இரு, நானும் வர்றேன்."

"வேணாம். நீ வந்தா சண்டைக்கு வந்தாங்கன்னு சொல்லுவாங்க. நான் மட்டும் போனா படத்தைத் தொடைக்க வந்தேன்னு ஆவும்."

வழியெல்லாம் சினம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை. மண்டபத்துக்குள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். பழந்துணியைச் சாயம் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்து, தென்னைகளின் மேல் மட்டும் மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தாள். குழந்தையின் முகத்தைத் துடைக்கும் கையில் கூட அத்தனை பக்குவம் இராது. பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் வாய் பிளந்து நின்றனர்.

விநாயகம் ஓடி வந்தார். "ஏம்மா, இறங்கு! கல்யாணத்துல வந்து இன்னா பண்ற? காசு குடுத்து வாங்கனது, என் படம்!"

"படம் உங்களுதுதான் சார். கீழ இருக்கற பேரு என்னுது. என் பேருல பொய் சொல்ல உங்களுக்கு நான் விக்கல."

"நாலு மரத்துக்கா இந்தக் கூத்து?"

அவள் கை நின்றது. நாகஸ்வரமும் அப்போது ஓய்ந்திருந்ததால், அவள் குரல் பந்தல் வரைக்கும் கேட்டது.

"தென்னை வெக்கறதுக்கு எங்களுக்கு ஏது சார் நெலம்? குடிசை போட்ட இடத்துக்கே எங்க நைனா எத்தினி வருசம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரு, உங்களுக்குத் தெரியாதா? அதையும் படத்துல இடிச்சிட்டு, உங்க தோப்பைப் போட்டுட்டீங்களே!"

"உங்க ஆபீஸ்ல சொல்லி உன்னை..."

"சொல்லுங்க. ரீடிங் சரியாத்தான் எடுத்திருக்கேன்."

துணி மீண்டும் அசைந்தது. பச்சை வழிந்து நீங்க, முதலில் வெளிப்பட்டது அந்தச் சிவப்பு. பின்னர் வேலி, கூரைகள், நீலத் தொட்டி. கூட்டத்தில் நின்ற முதியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கி, "அட, நம்ம ஊரு டேங்கு!" என்றார். எவரும் சிரிக்கவில்லை. விநாயகம் அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

கலைமதி இறங்கி, நாற்காலியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே போட்டாள். "கழட்டணும்னா நீங்களே கழட்டுங்க. திருத்தறதுக்கு மட்டும் ஆள் கூட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெரு மீட்டர்களைப் பார்க்கச் சென்றாள்.

மறுமுறை கணக்கெடுக்கச் சென்றபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் பரணேறிற்றோ, அடுப்பேறிற்றோ, அவள் கேட்கவில்லை. அந்த ஞாயிறே பாறையில் மீண்டும் ஏறி, அதே ஊரைத் தீட்டத் தொடங்கினாள். இம்முறை ஏரிக்கு முன்னே தெருவை வைத்தாள். இப்போது அது கோட்டை அடிவாரத்தில் சாய்ந்திருக்கிறது. "நல்லா இருக்குது, ஆனா இதை மட்டும்..." என்று எவரேனும் விரலை நீட்டினால், சொல் முடியுமுன் அவள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறாள்.

திருப்பட்டும். செஞ்சி மலைகள் நிற்கும் நாள்வரை அவள் மனை நிற்பதாக. விருத்தாம்பாளின் சேலை வேலியில் சாயம் வெளுக்காது உலர்வதாக. கலைமதியின் அடுப்பில் அன்னமும் அவள் நெஞ்சில் அந்தக் கனலும் ஒருநாளும் குறையாமல், சீற்றமே திருமேனியான அங்காளம்மை அக்குடியின் வாயிலில் காவல் இருப்பாளாக.