முன்னால் போகிற சத்தம்

சரளைக்கல் மேல் சைக்கிள் டயர் உருளும் சத்தத்தை, லாரியும் பஸ்ஸும் ஹார்ன் சத்தமும் குறுக்கே வராத இடத்தில் நின்று கேட்க வேண்டும். வாணலியில் கடலை வறுபடுகிற மாதிரி இருக்கும். ஏற்றத்தில் மெதுவாக வறுபடும், இறக்கத்தில் படபடவென்று பொரியும். கல்வராயன் மலையில் ஒரு பாதை முழுக்க அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் சைக்கிள் ஓட்டினேன். சத்தம் என் மனைவியின் சைக்கிளிலிருந்து வரும். அவள் முன்னால் போவாள், நான் பின்னால்.

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. வருத்தப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, அதனால் நீங்களும் வருத்தப்படாமல் படியுங்கள். முதலில் ஓரம் போகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடுவும் போகும் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதைக்கு வெயிலில் ஒரு குழாய்க்குள்ளே பார்க்கிற அளவுக்கு உலகம் தெரிகிறது. மர நிழலுக்குள் போய்விட்டால் அதுவும் கிடையாது. பச்சையாக ஒரு இருட்டு, அவ்வளவுதான்.

விருத்தாசலத்தில் சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டேன். விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாலக்கரையில் சிவனே என்று நின்றிருந்த கொய்யாப்பழ வண்டியில் போய் மோதினேன். பழமெல்லாம் உருண்டு பஸ் சக்கரத்துக்குள் போக, அந்தப் பழக்காரம்மா என் பரம்பரையையே வாயில் போட்டு மென்றுவிட்டார். அன்றோடு வீட்டில் தடை. அசலம் என்றால் மலை; எங்கள் ஊருக்குப் பேரில்தான் மலை இருக்கிறது. மற்றபடி தட்டையான ஊர், எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டிதான்.

என் மச்சினனிடம் ஒரு மினி லாரி உண்டு. மரவள்ளிக்கிழங்கு ஏற்ற அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போவான். போகும்போது வண்டி காலி. "சும்மா போற வண்டிதானே மாமா, சைக்கிளத் தூக்கிப் போட்டுட்டு வாங்க. அங்க ரோட்டுல ஈ காக்கா இருக்காது" என்று அவன்தான் ஆரம்பித்து வைத்தான். மலைமேல் ஒரு புளியமரத்தடியில் எங்களை இறக்கிவிட்டு அவன் கிழங்குக் காட்டுக்குப் போய்விடுவான். அங்கிருந்து ஒரு சரளைப் பாதை, சின்னச் சின்ன ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஒரு மேட்டுக்கு ஏறும். அவன் சொன்னது பொய்யில்லை. எதிரே வந்தால் ஒரு ஆடு வரும், விறகுக்கட்டோடு ஒரு பெண் வருவாள். இரண்டு பேரும் நம்மைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்கள்.

ஐம்பது வயதில் சுடிதார் போட்டுக்கொண்டு சைக்கிள் ஏறிய என் மனைவியைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவள் அதையெல்லாம் சட்டை செய்கிற ஆள் இல்லை. ஆனால் எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரே ஒரு தரம் நீங்க கீழ வுழுந்தாலும் அன்னிக்கே ரெண்டு சைக்கிளையும் வித்துடுவேன். அப்பறம் மலையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, சொல்லிட்டேன்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்காகத்தான் மற்ற நாட்களை நான் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் நான் கண் போகிற ஆள் இல்லை. நிழலுக்குள் போனதும் உடம்பே காணாமல் போய்விடும். முன்னால் கடலை வறுபடும், பலாப்பழ வாசனை வலப்பக்கம் வந்து போகும், எங்கோ தண்ணீர் இறங்கும். தூக்கத்தில் வருகிற சைக்கிளைப்போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அவளுக்கும் எனக்கும் பேச்சு இருக்காது. அவளுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், பேச வராது. இறக்கத்தில் இரண்டு கையும் பிரேக்கில் இருக்கும், மணியடிக்கவும் முடியாது. அதனால் என்ன, கல் பேசிக்கொண்டு வந்தது.

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. பீங்கான் கம்பெனியில் செக்கிங்கில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. சூளையிலிருந்து வருகிற சாமானை ஒரு சின்னக் கம்பியால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது. உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் டொக்கென்று சொல்லிவிடும். டொக்கு சொன்னதைக் கழித்துக் கூடையில் எறிந்துவிடுவேன். கண் போக ஆரம்பித்த பிறகும் முதலாளி என்னை வைத்திருப்பது அந்தக் காதுக்காகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஊரைத் தாண்டியதும் சட்டென்று சத்தம் நின்றுவிட்டது.

மேடு ஏறுகிற இடம், இரண்டு பக்கமும் மரம். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் டயரின் சத்தமும் போய்விட்டது. பஞ்சு மேல் போகிற மாதிரி சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. பொய் சொல்லக் கூடாது, கொஞ்ச நேரம் அது ரொம்ப நன்றாக இருந்தது. தரையே இல்லாமல் பச்சை இருட்டுக்குள் மிதந்துகொண்டிருந்தேன். மூக்கில் புதுத் தார் வாசனை ஏறிய பிறகுதான் விஷயம் விளங்கியது. ரோடு போட்டுவிட்டார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் நான் ஓரத்துப் பள்ளத்தில் கிடந்தேன்.

அவள் திரும்பி வந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாங்க, வுழுந்துட்டீங்களா?"

"யாரு வுழுந்தது? கால் வலிச்சுது, உக்காந்தேன்."

"பள்ளத்துலயா?"

"பள்ளத்துலதான் நெழலு இருக்குது."

முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். "சரி, உக்காந்தீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ரோட்டைப் பற்றி நான் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். "எங்க அக்காளப் பிரசவத்துக்குத் தூளி கட்டித்தான் தூக்கிட்டுப் போனோம், பாதி வழியிலயே பொறந்துடுச்சு. இனிமே வண்டி வரும்" என்றாள். தண்ணீரைக் குடித்து முடித்தேன். என் ஒரு நாள் சொகுசுக்காக ஒரு ஊர் கல்லில் நடக்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வாரம் மனைவி கம்பெனிக்கே வந்து நின்றாள். மின்சாரச் சாமானுக்குப் போகிற பீங்கான் வளையம் கொஞ்சம் வேண்டுமாம். நல்ல கணீர் வளையமாகப் பார்த்துக் கொடுத்தேன். கயிற்றில் கோத்துத் தன் சைக்கிள் கேரியரில் தொங்கவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தார் ரோட்டில் ஏறியதும் வளையங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலவென்று சிரிக்க ஆரம்பித்தன. எனக்கு உயிர் வந்தது. அந்தச் சிரிப்பின் பின்னாலேயே நிம்மதியாகப் போனேன். வளைவில் திரும்பினேன், கொஞ்சம் இறங்கினேன், கீழே மண் மெத்தென்று ஆனது. முகத்தில் இலைகள் உரசின. அப்போதும் அந்தக் கலகல முன்னால் போய்க்கொண்டுதான் இருந்தது.

"ஏங்க! எங்கங்க போறீங்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. நான் மரவள்ளிக் காட்டுக்குள் ஒரு மாட்டின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அதன் கழுத்தில் மணிச்சரம். மாடு நின்று, யார் இவன் என்பதுபோல மூச்சு விட்டது. மாட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. என் ஹேண்டில்பாரைப் பிடித்துச் சைக்கிளை ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

"காட்டுக்குப் பின்னால இன்னா இருக்குது தெரியுமா? கிடுகிடு பள்ளம். போதுங்க. வித்துடலாம்."

மச்சினனின் லாரியில் கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. காற்றில் கண் கலங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுகைதான்.

சைக்கிள் இரண்டும் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தன. அவளும் உடனே விற்கவில்லை. நானும் கேட்கவில்லை. கம்பெனியில் தட்டிக்கொண்டிருந்தேன். கணீர், கணீர், கணீர், டொக்கு. எடுத்துக் கூடையில் எறிந்தேன். பின்னால் ரேடியோ அலறுகிறது, பக்கத்தில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், நூறு சாமான் மோதிக்கொள்கிறது. அத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு டொக்கு மட்டும் என் காதுக்கு எப்படித் தனியாக வருகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். எந்த மாட்டு மணியும் அப்படிச் சொல்லாது. குனிந்து கூடையைத் துழாவி அந்த வளையத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"நல்லதையெல்லாம் அவுத்துடு. அதுல ஒண்ண மட்டும் வுட்டு, பக்கத்துல இதக் கட்டு" என்று வீட்டில் நீட்டினேன்.

"இது வெடிச்சதுதானே? நீங்க கழிச்சதுதானே?"

"ஆமா. அந்த டொக்கு எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்."

அவள் அந்த வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள்போல. "கடைசித் தடவ" என்றாள்.

மலையில் அன்று லேசாகப் பனி மூட்டம். தார் ரோடு ஆரம்பித்ததும் உலகம் மறுபடி பஞ்சானது. மாடுகள் எங்கோ மேய்ந்துகொண்டிருந்தன, மணிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒலித்தன. அவற்றுக்கு நடுவே, முன்னால், டொக்கு. கொஞ்சம் வலது பக்கம், டொக்கு. இப்போது நேராக. ஒவ்வொரு டொக்கும் என்னைக் கைப்பிடித்து மேட்டில் ஏற்றியது. மரங்கள் முடிந்து வெயில் வந்தது, குழாய்க்குள் அவள் முதுகு தெரிந்தது. அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது. ஆசையா பயமா, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இமைக்குள் சிவப்பு, வெயில் முகத்தில் சூடு. டொக்கு. மிதித்தேன். டொக்கு. இடப்பக்கம் காற்று திறந்துகொண்டது, வலப்பக்கம் பாறையின் குளிர்ச்சி. டொக்கு. அது நின்றது. நானும் பிரேக் போட்டுக் காலை ஊன்றினேன். என் முன்சக்கரம் அவள் சைக்கிளை லேசாகத் தொட்டது. மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டோம்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பார்க்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"கண்ண மூடிக்கிட்டா வந்தீங்க?"

"ஆமா."

"எங்கேருந்து?"

"மரம் முடிஞ்ச எடத்துலேருந்து."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப சைக்கிள விக்க வேணாம்" என்றாள். பிறகு என் தாடையைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினாள். "இப்பக் கண்ணத் தொறங்க. கீழ டேம் தண்ணி மின்னுது. இருக்கிற வரைக்கும் பாத்துக்குங்க."

திறந்து பார்த்தேன். ஒரு சாசர் அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது.