என் பீரோவில் இருந்த அவன் பாட்டில்

என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை கணவனுக்கு, எதைக் கண்டாலும் ரூபாயில் பெருக்கிச் சொல்கிற பழக்கம் உண்டு. கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. முதலில் சவுதி, பிறகு சிங்கப்பூர், இப்போது நார்வே.

"சவுதியில தண்ணிங்கிற பேச்சே கிடையாது அண்ணாச்சி. சிங்கப்பூர்ல ஒரு பீரு நம்ம காசுக்கு ஐநூறு ரூவா. நார்வேயில உக்காந்து குடிச்சா ஆயிரத்தத் தொட்டிரும். முடி வெட்டவே நாலாயிரம் கேக்கான்" என்பான்.

நான் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். நூற்றைம்பது ரூபாய்க்கு முடி வெட்டிக்கொள்கிறவன். பாவம், எல்லாம் என்ன விலை விற்கிறது அவனுக்கு என்று வீட்டில் உள்ளவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அது சுத்தமான பீற்றலாகத்தான் கேட்டது. ஆயிரம் ரூபாய்க்கு பீர் விற்கிற ஊரில் நான் இருக்கிறேன் என்பதை இதைவிட நாசூக்காக ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் வருவதற்கு முன் மாமனார் வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. கரிவலம்வந்தநல்லூரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாமனார் மொபெட்டோடு வந்து நிற்பார். அவன் வந்த பிறகு நான் பெரிய மாப்பிள்ளை ஆனேன். பெரிய என்பது வயதில் மட்டும்தான். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே போய்க்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு லீவுக்கும் அவன் ஏர்போர்ட்டில் ஒரு விஸ்கி பாட்டில் வாங்கி வந்து மாமனார் கையில் கொடுப்பான். மாமியார் அந்தச் சனியனை வீட்டுப் படியேற விடமாட்டார். அதனால் அது எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கதவு பீரோவில், என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கறி வாங்குகிற சாக்கில் மாமனார் டவுனுக்கு வருவார். பாட்டில் மூடியிலேயே ஊற்றி, தண்ணீர் கலக்காமல், ஒரே ஒரு மூடி. அடுத்த லீவுக்கு அவன் வருகிற வரைக்கும் அது நீடிக்க வேண்டும். காவலுக்கு நிற்கிற எனக்கு ஒருநாள்கூட மூடியை நீட்டியதில்லை.

"ஒங்களுக்குத்தான் இங்கன கடையிலயே கிடைக்குதே மாப்ள" என்பார்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை. நாள் முழுக்கக் கரண்ட் கிடையாது, கடையைப் பூட்டிவிட்டேன். மனைவி சிவகிரியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்து டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். முதலில் லேசாக ஒரு புகை வாசம். பிறகு நாக்கின் ஓரத்தில் ஏதோ இனித்தது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்திலேயே இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.

பாட்டிலில் மட்டம் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. கடைக்குப் போய் ஒரு குவாட்டர் பிராந்தி வாங்கி வந்து அந்த மட்டத்துக்கு ஊற்றி வைத்தேன். நிறம் அப்படியே பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. மூன்று மாதத்தில் அவன் விஸ்கி முழுக்க என் வயிற்றிலும், என் பிராந்தி முழுக்க அவன் பாட்டிலிலும் இருந்தது.

மாமனார் கண்டுபிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார்.

"நெய்யி மாதிரில்லா எறங்குது மாப்ள. நம்மூர்ச் சரக்குன்னா குடலை அரிச்சிரும். சின்ன மாப்ளைக்கு என்ன மனசு, பாத்தீயளா!"

ஊற்றுவது நான், பேர் அவனுக்கு. அது என் பிராந்தி மாமா என்று கத்த வேண்டும்போல இருக்கும். கத்தினால் மாப்பிள்ளை என்கிற மிச்ச மரியாதையும் போய், பீரோவில் திருடிக் குடித்தவன் என்றாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் துடைத்து வைப்பேன்.

இந்த வருஷம் ஊர்க் கோயில் கொடைக்குச் சகலை வந்தான், கையில் புதுப் பாட்டிலோடு. கிடா வெட்டின மறுநாள் மத்தியானம், மாமனார் தோட்டத்துப் பம்புசெட் நிழலில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். மாமனார் சொன்னபடி பீரோவிலிருந்த பழைய பாட்டிலையும் பையில் கொண்டுவந்திருந்தேன்; ஆனாலும் புதுப் பாட்டிலைத்தான் திறப்பார் என்று நம்பியிருந்தேன்.

"புதுசு அப்படியே இருக்கட்டும். பழசுல இன்னும் கிடக்குல்லா, அதை எடுங்க" என்றார் மாமனார்.

எடுத்து ஊற்றினேன். அவன் ஒரு வாய் குடித்தான். டம்ளரைக் கொஞ்ச நேரம் உதட்டிலேயே வைத்திருந்தான். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தான்.

"எப்படி மாப்ள?" என்றார் மாமனார்.

"அசல் மாமா" என்றான் அவன்.

காப்பாற்றிவிட்டான். அதற்காகவும் அவன்மேல் எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலையில் டவுனுக்கு வந்தவன், ஊருக்குத் திரும்புகிற பஸ் வரும்வரை என் கடையில் வந்து உட்கார்ந்தான். நான் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நம்ம கடைப் பிராந்தியா அண்ணாச்சி?" என்றான் மெல்ல.

நான் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"வாயில வச்சதுமே தெரிஞ்சுட்டு. லீவுல வந்து எறங்குனதும் நான் தேடுதது அதைத்தான்" என்று சிரித்தான். பிறகு கேட்டான். "அந்த விஸ்கி எப்படி இருக்கும் அண்ணாச்சி?"

கம்பி சுற்றிய கை நின்றுவிட்டது.

"நான் குடிச்சதே இல்ல. அங்கன ஒரு பெக்கு வெலையில பிள்ளைக்கு ஒரு மாச வேன் பீஸு கட்டிரலாம். ரூவாயில பெருக்கிப் பாப்பேன், மனசு வராது. ஏர்போர்ட்டுல வாங்குதது மாமாவுக்குன்னு வாங்குதது. அதை ஒடைக்க முடியுமா?"

அப்படி ஒண்ணும் பெரிசில்ல தம்பி, நம்ம பிராந்திதான் மேல் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். நல்ல மனுஷன் அதைச் சொல்லியிருப்பான். நான் கம்பியைக் கீழே வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அதை எப்படிச் சொல்ல தம்பி..." என்று ஆரம்பித்தேன். முதலில் வருகிற புகை வாசத்தைச் சொன்னேன். நாக்கின் ஓரத்தில் இனிப்பதைச் சொன்னேன். எனக்குத் தெரியவே தெரியாத வாசனைகளையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் என் உதட்டைவிட்டு அகலவில்லை. அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். அவன் நார்வே விலை சொல்லிவிட்டுப் போகிற ஒவ்வொரு தடவையும் பீரோக் கண்ணாடியில் நான் பார்த்தது அதைத்தான்.

அவன் பஸ் வருகிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை.