வெள்ளிக்கிழமை வஞ்சிரம்

"பெரம்பூர், அர்ச். மிக்கேல் சம்மனசு திருநாள். சேசுவுக்குத் தோத்திரம். ஆயுத பூஜையன்று ஒர்க்ஷாப் விடுமுறை ஆதலால், அன்று பகல் நாங்கள் மூவரும் பெண் பார்க்க வருகிறோம். ராயபுரத்து வஞ்சிரத்தைப் பற்றி என் மனைவி இப்போதே பேசத் தொடங்கிவிட்டாள்."

இந்த இன்லண்ட் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. எழுதியவர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அவர் மகனுக்கும் அங்கேயே வேலை. அந்த மகனுக்கு என் அக்காவைப் பார்க்க வருவதாகத்தான் கடிதம். ஆண்டு எழுதவில்லை, தபால் முத்திரையும் கலைந்துவிட்டது. ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் விழுந்த ஆண்டைப் பழைய பஞ்சாங்கங்களில் தேடி, 1970 என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

அன்றே பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சந்தோஷமாக வாருங்கள்" என்று அப்பா சொல்லச் சொல்லப் பதில் எழுதியவன் நான்தான். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் குமாஸ்தா. தேதி பார்க்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடாதவன். ஆனால் ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது மாதா கோயில் காலண்டர். அதில் அர்ச்சியசிஷ்டவர்கள் என்று நாங்கள் சொல்லும் புனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள், ஆயுத பூஜை இல்லை.

விஷயம் தெரிந்தது புதன்கிழமை. எங்களுக்கு மீன் கொடுத்துவந்த குப்பத்து அம்மாள் கூடையை இறக்கியபடி கேட்டாள்: "இன்னாக்கா, வெள்ளிக்கெயமயா வரச் சொல்லிக்கீறீங்க? அன்னிக்கு உங்கூட்ல மீனே ஏறாதே!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் கிடையாது. சேசு மரித்த நாளின் நினைவாக மற்ற கத்தோலிக்க வீடுகளில் கறிதான் கூடாது, மீன் தின்னலாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா அதை ஏற்கவில்லை. "கறி நம்ம வூட்டுக்கு மாசத்துக்கு ஒருவாட்டி. அத்த வுட்டா தவமா? மீன வுடு. அப்பத் தெரியும் நாக்குக்கு" என்பார்.

நான் பிறகு படித்த புத்தகங்கள் அப்பா பக்கம்தான் நின்றன. அந்த விதி கறி தின்று பழகிய தேசங்களில் பிறந்தது. எங்கள் கரையில் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால் தவம் விருந்தாகிவிடும். மரபு என்றால் அசையாமல் கிடப்பது என்று நினைப்பவர்கள் அப்பாவைப் பார்த்ததில்லை. அவர் அதைத் தன் உடம்புக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கித் தைத்துக்கொண்டார். அதற்கு நாலைந்து வருடம் முன்பு திருச்சபை இந்த விதியைத் தளர்த்தியபோது, பதிலுக்கு வேறொரு தவமோ தருமமோ செய்யுங்கள் என்றும் சொன்னது. முதல் பாதி ஒரே வாரத்தில் ராயபுரம் முழுக்கப் பரவியது. இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. மூன்று ஷிஃப்ட் ஓடும் தொழிற்சாலையில் எனக்குச் செவ்வாயும் சனியும் ஒன்றுதான். வெள்ளி மட்டும் ரச வாசனையோடு தனியாக நின்றது.

ஆனால் அக்காவுக்கு இருபத்தேழு ஆகியிருந்தது. இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அவள் ஒரு திருவிழாவில் பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"மீனு கேட்டு எய்தினவங்களுக்கு ரசம் ஊத்துனா, கஞ்ச வூடுன்னு பூடுவாங்க" என்றாள் அம்மா.

"அதுக்காவ?"

"நீ துன்னாத. வர்றவங்க வாய்க்கு ஏன்யா பூட்டு போட்ற?"

அப்பா வியாழன் மாலை செபமாலை முடிந்ததும், "அவங்களுக்கு ஆக்கு. நம்ம தட்டுல வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளி காலை, ஐஸில் போட்டுவைத்திருந்த வஞ்சிரத்தோடு குப்பத்து அம்மாள் வந்தாள். "எங்கூட்லயும் இன்னிக்குக் கவுச்சி இல்ல, ஆத்தாளுக்கு. நீங்க சேசுவுக்கு வுடுங்க. பெரம்பூர்க்காரங்க நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத் துன்னட்டும்!" அவளே நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளையைப் பார்க்காமல் போவதாக இல்லை.

வந்தவர்களுக்கு முதலில் பரிமாறி அனுப்பிவிட்டு நாங்கள் பிறகு சாப்பிடுவது என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மா கெடுத்துவிட்டார். "எல்லாரும் ஒண்ணா உக்காரணும், இல்லாட்டி நான் கை வெக்க மாட்டேன்." உட்கார்ந்தோம். அவர்கள் தட்டில் வஞ்சிரம், எங்கள் தட்டில் கத்திரிக்காய். மறைக்க வழியில்லை.

"இன்னாண்ணே இது?" என்று ஃபிட்டர் சிரித்தார். "வெள்ளிக்கெழம கறியே துன்னலாம்னு சாமியாரே சொல்லிட்டாரு. நீங்க மீனுக்கே பயந்துகினு கீறீங்க?"

"அவுரு துன்னலாம்னு சொன்னாரு. துன்னே ஆவணும்னு சொல்லல" என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. "உங்க பொண்ணும் இப்படித்தானா? எங்க வீட்ல வெள்ளிக்கெழம மீன் இல்லாம அடுப்பு எரியாது. மருமக மூஞ்சத் திருப்பினு நின்னா நல்லாவா இருக்கும்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். 'அவள் அங்கே வந்ததும் விட்டுவிடுவாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்ல அவரால் முடியவில்லை. சொல்லாமல் மகள் வாழ்க்கையைக் கெடுக்கவும் அவரால் முடியாது.

பரிமாறிக்கொண்டிருந்த அக்கா குழம்புக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"மூஞ்சத் திருப்ப மாட்டேன் அத்த. வெள்ளிக்கெழம உங்களுக்கு வஞ்சிரமும் ஆக்குவேன், எறாவும் ஆக்குவேன். ஆனா நாக்குல வெக்க மாட்டேன். உப்பு மட்டும் யாராவது பாத்துச் சொல்லணும்."

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, தட்டைப் பார்த்தபடியே, "உப்பு நான் பாக்கறேன்" என்றார்.

பின்கட்டிலிருந்து குப்பத்து அம்மாளின் சிரிப்பு வெடித்தது. "அட, வுயுந்துட்டாரும்மா மனுசன்!" மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டார். "இவன் உப்பு பாத்தா எங்களுக்குக் கொழம்பு மிஞ்சாது" என்று சொல்லி, இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். அப்பா எழுந்துபோய் வெகுநேரம் கை கழுவினார்.

அடுத்த தை மாதம் கல்யாணம். அக்கா சொன்னபடியே நடந்தாள். அவள் மாமியாரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அத்தான், கல்யாணம் முடிந்து ஈஸ்டருக்கு முன் வந்த முதல் தவசு காலத்திலிருந்து தாமும் வெள்ளிக்கிழமை மீனை விட்டுவிட்டதாகச் சொல்வார். அக்காவைக் கேட்டால், "வூட்ல வுட்டுட்டாரு. ஒர்க்ஷாப் கேன்டீன்ல இன்னா துன்னாருன்னு நான் இன்னா கண்டேன்?" என்கிறாள். அவரோடு வேலை பார்த்த இருவரைத் தேடிக் கேட்டேன். ஒருவர் ஆம் என்றார், மற்றவர் சிரித்தார். ஆகவே இந்தத் தகவல் இதுவரை உறுதி செய்யப்படாதது.