பால் படாத எலும்பு

செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. குழாய் பதிக்க ஜேசிபி தோண்டியபோது உடைந்த பானை ஓடுகளோடு மனித எலும்புகள் வந்தன. வேறு யாராவது என்றால் பழங்காலத்து முதுமக்கள் தாழி என்று பூரித்திருப்பார்கள். எனக்கோ, என்னிடம் சண்டை போட்டுக்கொண்டு கேரளாவுக்குப் போன தேங்காய் வெட்டுகிறவன் ஞாபகம்தான் வந்தது. போன் அடித்தேன்.

"ஏலே, உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி. என்ன, மரம் ஏற ஆளு சிக்கலையோ?"

அவன் பிழைத்துவிட்டான். நான் பிழைப்பேனா என்பதுதான் தெரியவில்லை. வந்து பார்த்த போலீஸ்காரர், "சோதனை முடிவு வார வரைக்கும் வெளியூரு போயிராதீங்க" என்றார். அதற்கப்புறம் ராஜபாளையம் கடைவீதியில் எவனாவது சும்மா திரும்பிப் பார்த்தாலும் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவேன்.

எலும்புகளை எடுத்துப்போகத் தொல்லியல் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருவர் வந்தார். பார்த்தால் பழசுதான், ஆனால் சோதிக்காமல் எழுதித் தர முடியாது என்றார். எலும்பைத் துளி பொடித்து அகச்சிவப்பு ஒளியில் வைத்தால், புரதம் எவ்வளவு மிச்சம், தாது எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியுமாம்.

"புரதம் நிறைய இருந்தா?"

"சமீபத்து எலும்பா இருக்கலாம் சார்."

முன்பின் தெரியாத ஒருவரின் எலும்பு நன்றாக உளுத்துப்போயிருக்க வேண்டும் என்று, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அந்த நேரத்தில்தான் மனைவி பால் சொம்போடு வந்தாள். எரித்த மறுநாள் எலும்புக்குப் பால் ஊற்றிக் காடாத்துவது எங்கள் வழக்கம்.

"யாரோ எவரோ, நம்ம மண்ணுல கெடந்திருக்காவ. காடாத்துப் பாலு ஊத்தாம எப்படி அனுப்ப?"

"ஊத்திராதீங்கம்மா!" என்று ஆராய்ச்சிக்காரப் பெண் பதறினார். "பால்லயும் புரதம் இருக்கு. எலும்புல ஊறிட்டா முடிவு தப்பாயிரும்."

பாய்ந்துபோய்ச் சொம்பைப் பிடுங்கினேன். அம்புட்டுப் பாலும் என் சட்டையில்.

"உங்களுக்கு ஊத்தவா கொண்டாந்தேன்?" என்றாள் மனைவி.

சில வாரம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "புரதம் அநேகமா இல்லவே இல்ல சார். தாதுவும் ரொம்ப மாறிப்போச்சு. மண்ணு ஈரம் எல்லாத்தையும் அரிச்சிருச்சு. ரொம்பப் பழசுதான். போலீசுக்கும் எழுதிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்!"

அவர் மெதுவாகச் சொன்னார். "கொஞ்சம் மிஞ்சியிருந்தா அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னாவது தெரிஞ்சிருக்கும். இப்ப ஆணா பெண்ணான்னுகூடச் சொல்ல முடியல."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை என்ற செய்திக்கு நான் சந்தோஷம் என்று கத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலி குழிக்கரையில் மனைவி மறுபடியும் பால் சொம்போடு நின்றாள். இந்தத் தடவை நானே வாங்கி, சட்டையில் படாமல் ஊற்றினேன். குழாயைக் கொஞ்சம் தள்ளிப் பதித்துக்கொண்டோம்.