கடையில் கிடைக்காத கழுகு

புதுக் கேசட் வந்தால் மெர்ல் டாக்கெட் அதை உடனே ஓடவிட மாட்டார். முதலில் டிவியை அணைப்பார். பிறகு கத்தி நுனியால் மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளை ஓரமாக மட்டும் கீறி, வெங்காயச் சருகை எடுப்பதுபோல ஒரே இழுப்பில் உரிப்பார். கேசட்டை வீடியோ பெட்டிக்குள் தள்ளி, கடைசிவரை வேகமாக ஓட்டி, மறுபடி முதலுக்கே சுற்றிக் கொண்டுவருவார். தபாலில் குலுங்கி வந்த நாடா இறுகிப்போயிருக்கும், ஒருமுறை போய் வந்தால்தான் தளரும் என்பது அவர் நம்பிக்கை. அது சுற்றி முடிக்கும்வரை உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்திருப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. டிவி அணைந்திருப்பதால் ஒரு காட்சிகூடக் கண்ணில் படாது. படவும் கூடாது. கோரின் வருவதற்கு முன்னால் பார்ப்பது அவரைப் பொறுத்தவரை திருட்டு.

கோரின் அவருடைய மகள். பதினொரு வயது. அம்மா டெனிஸுடனும், டெனிஸ் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட லீலண்டுடனும் பக்கத்து ஊரான ஆண்டர்சனில் இருந்தாள். மெர்ல், பிறந்து வளர்ந்த மன்சியிலேயே, சலவைக்கடை மாடியில் தனியாக இருந்தார். கியர் ஆலையில் ஆள் குறைத்தபோது வேலை போனது. அதோடு வீடும், கொஞ்சநாளில் குடும்பமும் போனது. இப்போது டயர் கிடங்கில் வேலை. சனிக்கிழமை காலையும் வேலை உண்டு. மகளோடு இருக்க நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது ஒன்றுவிட்டு ஒரு வாரக்கடைசி. சனிக்கிழமை மதியம், இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற பெட்ரோல் பங்கில் லீலண்டின் கார் வந்து நிற்கும். கோரின் பையோடு இறங்கி மெர்லின் வண்டியில் ஏறுவாள். லீலண்ட் இறங்க மாட்டார், பேச மாட்டார். ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த இரண்டு விரலைக் கண்டாலே மெர்லுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆரம்ப மாதங்களில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தட்டைவிடப் பெரிய பன்றி இறைச்சி சாண்ட்விச். "நல்லா இருக்கா?" "ம்." அவ்வளவுதான் பேச்சு. அப்போதுதான் சலவைக்கடையில் கிடந்த ஒரு பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். செம்புச் சிறகு விரித்த ஒரு கார்ட்டூன் வீரன். 'செம்புக் கழுகு! முழுத் தொடரும் உங்கள் வீடு தேடி வரும். எந்தக் கடையிலும் கிடைக்காது!'

அச்சில் வந்ததை அப்படியே நம்புகிற ஆள் மெர்ல். கடையில் கிடைக்காது என்றால் வேறெங்கும் கிடைக்காது என்று எடுத்துக்கொண்டார். நாட்டில் யாரோ சிலரிடம் மட்டுமே இருக்கிற ஒன்று. அதில் ஒன்று தன் மகளுக்கு. கூப்பனை வெட்டி அனுப்பினார். சந்தா முறை எளிது. வேண்டாம் என்று நாம் அட்டை எழுதிப் போடாதவரை அடுத்த கேசட் தானாக வந்துகொண்டிருக்கும். மெர்ல் ஒருதரம்கூட வேண்டாம் என்று எழுதவில்லை.

முதல் கேசட்டிலேயே, சாம்பல் ராஜா என்கிற வில்லன் புகைக்கூண்டு வழியாக இறங்கும்போது கோரின் "ஐயோ!" என்று கத்தி அவர் கையைப் பிடித்தாள். அவள் அவர் கையைப் பிடித்து வெகுநாளாகியிருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு கேசட்டிலும் அந்த "ஐயோ" வந்தது. மெர்ல் திரையைவிட மகளின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

கிடங்கில் கூட வேலை செய்த ஆர்லோவுக்கு இது தீராத வேடிக்கை.

"டேய் மெர்ல், இன்னிக்கு உன் கோழி பறந்து வந்துச்சா?"

"கழுகுடா."

"நாப்பத்தி நாலு வயசுல பொம்மைப் படத்துக்குச் சந்தா கட்டுற ஒரே ஆளு நீதான்டா. அஞ்சல்காரன் உன்னைப் பத்தி என்ன நெனைப்பான்?"

"என்ன வேணா நெனைக்கட்டும். உன் பொண்ணு உன் பக்கத்துல உக்காந்து எத்தனை நாளாச்சு, அதச் சொல்லு."

ஆர்லோ டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வசந்தத்தில் டெனிஸ் போன் பண்ணினாள். "பொண்ணு வளர்றா மெர்ல். பந்தாட்டம் இருக்கு, சிநேகிதிங்க இருக்காங்க. கோடைலேருந்து அங்க வர்றது கட்டாயம்னு வேணாம். வரணும்னு தோணினா வரட்டும். அவகிட்டயே கேட்டுடறேன். நீ கேக்காத, பாவம், உன் மூஞ்சியப் பாத்தா இல்லைன்னு சொல்ல மாட்டா."

சரி என்று சொல்லி வைத்துவிட்டார். வேறென்ன சொல்வது? மறுநாளே அடுத்த கேசட் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் மேலே வண்ணத்தாளில் ஒரு வாழ்த்து: 'தொடரை நிறைவு செய்த உங்களுக்குப் பாராட்டுகள்! இதுவே இறுதிக் கேசட்.'

மெர்ல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. வெள்ளையாக இருந்தது. இது முடியும் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. தண்ணீர்க் குழாய் மாதிரி, திறந்தால் வரும் என்று இருந்துவிட்டார். கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் சுழலும் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிக் கேசட்டைப் பார்த்து முடித்த அன்று மகள் எழுந்து பையை மாட்டிக்கொண்டு போவாள். திரும்பி வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது.

இந்த ஒரு கேசட்டை மட்டும் அவர் சுற்றிவைக்கவில்லை. கண்ணாடித் தாளோடு ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

"இன்னும் வரலம்மா. தபால் தாமதம்."

"பரவால்லப்பா, பழசு போடு."

அடுத்த முறையும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறையும். கோரின் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"தபால்காரன ஓநாய் தின்னுடுச்சா என்ன?"

"வரும், வரும்." சட்டியில் சோளப்பொரியைக் குலுக்கிக்கொண்டே, பேச்சை மாற்றுவதாக நினைத்து மெர்ல் சொன்னார்: "எனக்கென்னமோ, கடைசியில கழுகு ஜெயிச்சு, அந்தச் சாம்பல் ராஜாவ ஜெயில்ல போட்டுடும்னுதான் தோணுது."

"இல்லப்பா. றெக்கையக் கழட்டி அவன் புள்ளைகிட்டயே குடுத்துட்டு..."

நிறுத்திவிட்டாள். ஆடிய கால் நின்றது. சட்டிக்குள் பொரி மட்டும் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. மெர்ல் அடுப்பை அணைக்க மறந்து நின்றார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் தன் கால்விரலைப் பார்த்தாள்.

"கோரின். அது இன்னும் இந்த வீட்ல ஓடவே இல்லையே."

"டிவியில வந்துச்சுப்பா," என்றாள் மெல்ல. "சனிக்கிழமை காலைல. எப்பவும் வரும். எங்க கிளாஸ்ல எல்லாரும் பாக்கறாங்க."

"எந்த டிவியில?"

"எல்லா டிவியிலயும்தான்."

"எந்தக் கடையிலயும் கிடைக்காதுன்னு போட்டிருந்தானே!"

"கடையில கிடைக்காதுதான்ப்பா. டிவியில வரும்."

பொரி தீய்ந்த வாசனை வந்தது. கோரின்தான் குதித்து இறங்கி அடுப்பை அணைத்தாள். டயர் அடுக்கிக்கொண்டிருந்த சனிக்கிழமைக் காலைகள் எல்லாம் மெர்லுக்கு நினைவுக்கு வந்தன. ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் செம்புக் கழுகு பறந்துகொண்டிருந்திருக்கிறது. தன் தலைக்கு மேலேயே பறந்திருக்கிறது. தனக்கு மட்டும் தெரியவில்லை.

"அப்ப எல்லாமே பாத்துட்டியா?"

"ம்."

"முதல் கேசட்?"

"ம்."

"அப்ப அந்த ஐயோ, ஐயோன்னு கத்தினது?"

"நடிப்பு," என்றாள். பிறகு, கொஞ்சம் பெருமையும் கலந்து, "நல்லா நடிச்சேன்ல?"

மெர்ல் சட்டியைக் கீழே வைத்தார். ஒருவரின் முகத்தையே இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தும் ஒன்றும் பார்க்காமலிருக்க முடியும் என்பது அவரை உலுக்கிவிட்டது. அலமாரியைத் திறந்து, ஓட்ஸ் டப்பாவை நகர்த்தி, கேசட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

இப்போது வாய் பிளந்தவள் கோரின். "அப்பா! இது எப்ப வந்துச்சு?"

"ரொம்ப நாளாச்சு."

"தபால் லேட்டுன்னு சொன்னியே!"

"சொன்னேன்."

"பொய்யா? நீயா? சர்ச்சுல கைதட்டக்கூட வெக்கப்படற ஆளு நீ!" அவள் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏம்ப்பா ஒளிச்ச?"

"முடிஞ்சுட்டா நீ வரமாட்டேன்னு."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள், ஏதோ புரியாத பாஷை பேசிவிட்டது போல.

"அம்மா போன மாசமே கேட்டாச்சுப்பா. அம்மா உங்கிட்ட சொல்லலியா? எப்பவும் போல வர்றேன்னு சொல்லிட்டேன். பந்தாட்டம் இருக்கற வாரம் மட்டும் நீ அங்க வந்து பாக்கணும்னு சொல்லச் சொன்னேன்."

"உங்கம்மா சொல்லல."

"மறந்திருப்பா. அவ எதத்தான் ஞாபகம் வெச்சிருக்கா?"

"அப்ப கார்ட்டூன்?"

"கார்ட்டூன் கெடக்குது. எனக்கு உன் மூஞ்சி பாக்கணும்ப்பா. கழுகு விழறப்பல்லாம் நீ நிஜமாவே மூச்சப் புடிச்சுக்குவ. எனக்குச் சிரிப்ப அடக்கவே முடியாது. அதனாலதான் சத்தமா ஐயோன்னு கத்தினேன்."

அன்று மாலை வெளிச்சம் போகுமுன் இருவரும் கடைசிக் கேசட்டைப் பார்த்தார்கள். கழுகு சிறகைக் கழற்றி எதிரியின் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, சாதாரணச் சட்டையில் தெருவில் இறங்கி நடந்தது. யாருக்கும் அதை அடையாளம் தெரியவில்லை. முடிவு முன்பே தெரிந்திருந்தும் மெர்ல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கோரின் திரைப்பக்கமே திரும்பவில்லை.

கோடையிலும் அவள் வந்தாள். அதற்கடுத்த கோடையிலும் வந்தாள்.

இதில் ஒரு விஷயம் மட்டும் கோரின் கல்யாணமாகிப் போன பிறகு, அவளே சொல்லித்தான் மெர்லுக்குத் தெரிய வந்தது. அவளுக்கு அந்தக் கார்ட்டூன் என்றால் உயிர் போகிற பயம். ஆரம்பத்தில் சாம்பல் ராஜா வந்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். அப்பா முன்னால் அழுதுவிட்டால் அவர் சந்தாவை நிறுத்திவிடுவார் என்று, எந்தக் கேசட்டில் எங்கே பயம் வரும் என்பதை முன்கூட்டியே பார்த்துத் தெரிந்துகொண்டுதான் மன்சிக்கு வருவாள். சனிக்கிழமைக் காலைகளில் அவளோடு சோபாவில் உட்கார்ந்து, வில்லன் வரும்போதெல்லாம் அவள் கண்ணைப் பொத்தி, "போயிட்டான், இப்பப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் லீலண்ட்.