வலது காலில் பெயர்ச்சொல்

என் தங்கை றுகையாவின் மாப்பிள்ளை ஜவுபருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உடம்பு மருதமுனையில் தறிக்குழிக்குள், மனம் கல்முனையில் அரசாங்கக் கந்தோர்க் கதிரையில். ஐம்பத்துநான்காம் ஆண்டு கிளாக்கர் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தார். இங்கிலீஷ் வசனத்தைக் கொடுத்து, எந்தச் சொல் என்ன வகை என்று கேட்பார்களாம்.

அதற்கு அவர் பிடித்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். நூல்கட்டைச் சுற்றிவந்த இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டைத் தறியில் குத்தி வைப்பார். பெயர்ச்சொல் வந்தால் வலது மிதிப்பலகை, வினைச்சொல் வந்தால் இடது. 'போட்' வலது, 'கம்ஸ்' இடது. வலதும் இடதும் மாறி மாறி மிதித்தால்தானே துணி? இங்கிலீஷ்காரன் நமது தறிக்கு ஏற்றபடியா எழுதுகிறான்? பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து வந்த இடமெல்லாம் சாரன் துணியில் பிழை விழுந்தது. கச்சிமுகம்மது முதலாளி பெருநாள் சாரன்களைத் திருப்பி எறிந்தார். பக்கத்துத் தறியில் இருந்த பாவத்துக்கு எனக்கும் ஏச்சு.

ஆனால் பாடம் ஏறிவிட்டது. எந்த வசனத்தைச் சொன்னாலும் கால் முந்திக்கொண்டு பதில் சொல்லும்.

பரீட்சை மண்டபத்திலும் அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. சிமெந்துத் தரையைத் தட்டத் தொடங்கியிருக்கிறது. மேற்பார்வையாளர் வந்து காலை அடக்கச் சொன்னாராம். அடக்கினார். தெரிந்ததெல்லாம் அதோடு நின்றுபோனது.

"கால் நின்டுட்டு மச்சான், ஒண்டும் வரல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அடுத்த வருடத்தோடு அவருக்கு வயதெல்லை முடிகிறது.

அதன்பிறகு முற்றத்துக்கும் கடற்கரைக்குமாக நடந்தபடியே இருந்தார். பெண்வீட்டில் இருக்கிற மருமகன் இப்படி அலைந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று உம்மா முணுமுணுத்தார்.

ஒருநாள் அஸர்த் தொழுகைக்குப் பிறகு உம்மா வீட்டுக்குப் போனேன். ஜவுபர் கதிரையில் இருந்தார். றுகையா தரையில் குந்தி, அவருடைய கால்கள் இரண்டையும் அமுக்கிப் பிடித்திருந்தாள். குசினி வாசலில் உம்மா. மாமி பார்க்கிறாவே என்ற கூச்சத்தில் அவர் காலை இழுத்தார். அவள் விடவில்லை.

"கால நான் புடிச்சிரிக்கன். நீங்க வாயால சொல்லுங்க."

வியர்த்து வழிய ஒவ்வொரு சொல்லுக்கும் வகை சொன்னார். பிழையாய்ப் போனது. இன்னொருக்காச் சொல்லுங்க என்றாள். உம்மா உள்ளே போய்விட்டார். மாதக்கணக்கில் இதுதான் அந்த வீட்டின் மாலை நேரம்.

மறுவருடம் தேறிவிட்டார். பரீட்சையில் கால் ஆடவில்லையா என்று கேலியாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒங்கட தங்கச்சி புடிச்ச புடிய உட்டாத்தானே மச்சான்."